லைட் வெயிட் கேமராவுக்கு கிம்பல் வாங்கணுமா? முதல்ல தராசை எடுங்க!

கோரிமேட்டில் ஜிப்மரைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை எடுத்துத் தங்கி, வார நாட்களில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒயிட் டவுனில் ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கும் போகும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கையில் சோனி இசட்வி-இ10. மஞ்சள் சுவர், கைகோத்து நடக்கும் ஜோடி, எல்லாம் பக்கா. ஆனா லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் ஷாட் ஆடுது. இந்த கேமராவின் பாடிக்குள் சென்சாரை அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் வசதி கிடையாது. மென்பொருள் வழியாகச் சரிசெய்யும் ‘ஆக்டிவ்’ மோடு, படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். எனவே அடுத்த யோசனை கிம்பல்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது, எத்தனை கிலோ தாங்கும் என்ற எண். பலர் சறுக்குவதும் இங்கேதான். பேட்டரி, மெமரி கார்டோடு சேர்த்து இசட்வி-இ10 வெறும் 343 கிராம். அதோடு வரும் 16-50 எம்எம் கிட் லென்ஸ் 116 கிராம். மொத்தம் அரைக் கிலோகூட இல்லை. இதற்கு 3 கிலோ தாங்கும் டிஜேஐ ஆர்எஸ் 3 எதற்கு? அதன் எடையே சுமார் 1.3 கிலோ. 2023-ல் வந்த ஆர்எஸ் 3 மினி 2 கிலோ வரை தாங்கும், தன் எடை சுமார் 850 கிராம்தான். வித்தியாசம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க சின்ன விஷயம். முகூர்த்தத்தில் ஆரம்பித்து பந்தி வரை பிடித்து நிற்கும் மணிக்கட்டைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

அதற்காக ரொம்பவும் கீழே இறங்குவதும் ஆபத்து. ஷியுன் கிரேன் எம்2-வின் உச்ச வரம்பு 720 கிராம். கிட் லென்ஸோடு ஜம்முனு வேலை செய்யும். நாளைக்கே 405 கிராம் எடையுள்ள சிக்மா 16 எம்எம் எஃப்1.4 லென்ஸ் வாங்கினால்? 748 கிராம். அவ்வளவுதான், செட் ஆகாது. இன்றைய கேமராவை அல்ல, அடுத்து வாங்கப்போகும் லென்ஸையும் மைக்கையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிம்பலுக்குள் மூன்று மோட்டார்கள். அசைவை உணரும் சென்சார் சொல்வதைக் கேட்டு, கை சாயும் திசைக்கு எதிராகத் திருப்பிக்கொண்டே இருக்கும். கேமரா சரியாக பேலன்ஸ் ஆகாவிட்டால் மோட்டார்கள் மூச்சு வாங்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அந்த 16-50 லென்ஸ், கேமராவை ஆன் செய்ததும் வெளியே நீளும். ஆஃப் செய்து வைத்து பேலன்ஸ் பண்ணினால் எல்லாம் வீண்.

இன்னொரு விஷயத்தை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. கிம்பல் சரிசெய்வது சாய்வையும் திரும்பலையும்தான். நடக்கும்போது வரும் மேல்-கீழ் குலுக்கல் அப்படியே பதிவாகும். முழங்காலை லேசாக மடித்து, குதிகால் முதலில் பட, மெதுவாக நடக்கப் பழகியே தீர வேண்டும் (பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை). இந்தப் பழக்கம் இல்லாதவருக்கு விலை உயர்ந்த கிம்பலும் கை கொடுக்காது.

விலையைப் பொறுத்தவரை இது நல்ல காலம். 2013-ல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மூவி எம்10 வந்தபோது விலை சுமார் 15,000 டாலர். பத்தே ஆண்டுகளில் ஆர்எஸ் 3 மினி 369 டாலருக்கு அறிமுகமானது. இருந்தாலும் மாதத்துக்கு ஒரு ஷூட் கிடைப்பவர் இஎம்ஐ போடுவது தேவையில்லாத வேலை. வாடகைக்கு எடுப்பதே கணக்குக்குச் சரி. மாதம் மூன்று, நான்கு என வர ஆரம்பித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது சொந்த கேமராவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பக்கவாட்டில் திறக்கும் ஸ்கிரீன் மோட்டார் கையில் இடிக்கிறதா, கிம்பலின் பட்டனை அழுத்தினால் ரெக்கார்டிங் தொடங்குகிறதா, பில்லோடு இந்தியாவில் செல்லும் வாரண்டி தருகிறார்களா என்று அங்கேயே பார்த்துவிடலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போதே நடுங்கினாலோ, தொடுவானம் மெல்ல ஒரு பக்கம் சரிந்தாலோ, முதலில் பேலன்ஸையும் காலிபரேஷனையும் ஒருமுறை சரிசெய்து பார்க்கலாம். அப்போதும் அப்படியே இருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.