முயல் "திடீர்னு" செத்துப் போறதில்லைங்க!

"நேத்து ராத்திரி நல்லாத்தான் சார் இருந்துச்சு. காலைல பாத்தா விறைச்சுக் கெடக்கு. முயல்னாலே அப்படித்தான், ரொம்ப டெலிகேட்."

முயல் வளர்த்து சாகக் கொடுத்த யார்கிட்ட வேணா பேசிப் பாருங்க, இந்த வசனம் வரும். முயல் வித்த கடைக்காரரும் இதையேதான் சொல்வார், அவருக்கு வசதி. என்னைக் கேட்டா இது சுத்தப் பொய். முயல் திடீர்னு சாகறது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாள் முன்னாடியே அது சொல்லிடுது. நாமதான் பாக்கறதில்லை.

எப்படிச் சொல்லுதுன்னா, புழுக்கையால. (சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு வாங்க, வெயிட் பண்றேன்.) நல்லா இருக்கற முயல் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல உருண்டை உருண்டையா புழுக்கை போடும். அது சிறுத்துப் போனாலோ, எண்ணிக்கை குறைஞ்சாலோ, நின்னே போனாலோ குடல் ஓட்டம் மந்தமாயிடுச்சுன்னு அர்த்தம். கூடவே சாப்பாட்டை மோந்து பாத்துட்டு திரும்பிக்கும். மூலையில கூனிக்கிட்டு உக்காரும். வலியில பல்லை நறநறன்னு கடிக்கும். நாய் மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது. காட்டுல மத்த மிருகத்துக்கு இரையா இருந்த ஜீவன், நோவை வெளிய காட்டினா உயிர் போயிடும்னு அதன் ரத்தத்திலேயே இருக்கு.

இந்தக் குடல் சமாசாரம் கொஞ்சம் விசேஷமானது. முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது. உள்ள போனது முன்னாடிதான் போயாகணும். அதைத் தள்றது நார்ச்சத்து, அதாவது புல்லு. பெருங்குடல் ஆரம்பிக்கற இடத்துல ஒரு பெரிய பை, அதுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உக்காந்து புல்லைப் புளிக்க வைக்குது. அந்தச் சத்து மெத்துன்னு ஒரு கொத்தா வெளிய வரும், முயல் உடனே வாயை வச்சு தின்னுடும். "ச்சீ, அசிங்கம்"னு அதைத் தடுக்காதீங்க. அதுலதான் வைட்டமினும் புரதமும் இருக்கு.

இப்படிப்பட்ட வயித்துக்கு நாம என்ன போடறோம்? கேரட், பிஸ்கட், பிரெட், மிஞ்சின சாதம். 1940-ல வந்த பக்ஸ் பன்னி கார்ட்டூன்ல முயல் கேரட்டைக் கடிச்சுது, அன்னிலேர்ந்து உலகமே கேரட்டைத் தூக்கிக்கிட்டுத் திரியுது. கேரட் சர்க்கரை நிறைஞ்ச கிழங்கு. எப்பவாவது ஒரு துண்டு குடுத்தா தப்பில்லை, அதையே சாப்பாடா போட்டா நார் பத்தாது. சர்க்கரையும் மாவும் அந்தப் பையில இருக்கற நுண்ணுயிர் கணக்கையே குழப்பிடும், வாயு ஏறும், வலிக்கும். வலிச்சா சாப்பிடாது, சாப்பிடலைன்னா குடல் இன்னும் மெதுவாகும். சுத்திச் சுத்தி ஒரே வளையம். 12 மணி நேரம் ஒண்ணுமே திங்கலைன்னா அவசர கேஸ். பட்டினி நீண்டா ஈரல்ல கொழுப்பு ஏறி அதுவும் கைவிரிச்சிடும்.

எங்க வீட்டுப் பஞ்சு கதையைச் சொல்றேன். மாடி வீட்டுக்காரங்க வேற ஊருக்கு மாறிப் போறப்போ குடுத்துட்டுப் போன முயல். ரெண்டு வருஷமா கேரட்டும் மேரி பிஸ்கட்டும் தின்னு வளர்ந்தது. வந்த அஞ்சாவது நாள் சாயந்திரம் புழுக்கை நின்னுது. முதல்ல போன டாக்டர் தொட்டுக்கூடப் பாக்கலை. "வயித்துல முடி உருண்டை. விளக்கெண்ணெய் குடுங்க, அமாக்ஸிசிலின் சிரப் குடுங்க, திங்கக்கிழமை பாப்போம்"னார். அன்னிக்கு சனிக்கிழமை!

முயல் எப்பவும் தன்னை நக்கிக்கிட்டே இருக்கும், வயித்துல முடி இருக்கறது சகஜம். குடல் நின்னு உள்ள வறண்டு போறதாலதான் அது உருண்டையா கட்டுது. விளைவைக் காரணம்னு சொல்றார். அமாக்ஸிசிலின் இன்னும் மோசம். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியா குடுத்தா முயல் குடல்ல இருக்கற நல்ல கிருமிகள் அழிஞ்சு, விஷம் கக்கற கெட்டது பெருகும். நாய்க்கும் மனுஷனுக்கும் சாதாரணமான மருந்து, முயலைக் கொன்னுடும். சீட்டை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு அன்னிக்கு ராத்திரியே வேற டாக்டரைத் தேடிப் போனோம்.

அந்த அம்மா வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, அடைப்பு இல்லைன்னு உறுதி பண்ணினாங்க. அப்புறம்தான் தோலுக்கடியில சலைன், வலிக்கு ஊசி, குடலை நகர்த்தற மருந்து. இந்த வரிசை முக்கியம் மக்களே. அடைப்பு இருக்கறப்போ குடலைத் தள்ளற மருந்தோ, வலுக்கட்டாயமா சாப்பாடோ குடுத்தா ஆபத்து. வயிறு பலூன் மாதிரி ஊதி கெட்டியா இருந்தா வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரா டாக்டர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு நம்ம வேலை. முயல் தீவனத்தை வெந்நீர்ல ஊறவச்சு கூழாக்கி, ஆறினதும் ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளில, பக்கவாட்டுல, கொஞ்சம் கொஞ்சமா விடணும். அது முழுங்கின அப்புறம்தான் அடுத்த சொட்டு. அவசரப்பட்டா நுரையீரலுக்குப் போயிடும். எவ்வளவு, எத்தனை தடவைன்னு எடையைப் பாத்து டாக்டர் சொல்வார். காது ஜில்லுன்னு இருந்தா வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்திப் பக்கத்துல வைக்கணும். முன்னாடி எப்பவும் புல்லு. ரெண்டாம் நாள் விடியற்காலை பஞ்சு நாலே நாலு புழுக்கை போட்டுச்சு, குட்டி குட்டியா. எங்க வீட்டுல தீபாவளி :-)

"300 ரூபா முயலுக்கு இவ்வளவு செலவா? வேற ஒண்ணு வாங்கிக்கலாமே"ன்னு ஒரு சொந்தக்காரர் கேட்டார். இந்த ஒரு வரிலதான் எனக்குக் கோவமே. விலை கம்மியா இருக்கறதாலதான் முயல் சாவு "திடீர்" சாவாயிடுது. விலை ஏறின நாய் படுத்தா எல்லாரும் காரணம் தேடுவாங்க. முயல் செத்தா டெலிகேட்டாம். 2018-ல வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள்ல நாய், பூனையோட முயலும் உண்டு. கடை மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். உங்க தெருக் கடைல அந்தச் சான்றிதழ் எங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

"புல்லுக்கு எங்க போறது, இறக்குமதி பாக்கெட் விலை தெரியுமா"ன்னு அடுத்த சாக்கு. பிள்ளையார் கோயில் வாசல்ல கட்டுக்கட்டா விக்குதே, அருகம்புல்லு! வெளிநாட்டுல அதே புல்லைக் காயவச்சு முயலுக்குன்னே விக்கறாங்க. நல்லா அலசி, நிழல்ல உலர்த்திப் போடுங்க. ஆனா கேரட் பழகின முயலுக்கு ஒரே நாள்ல மாத்தாதீங்க, ரெண்டு மூணு வாரத்துல படிப்படியா மாத்துங்க.

இதுக்கும் மேல "எங்க முயல் ரெண்டு வருஷம் கேரட்லயே நல்லா இருந்துச்சே"ன்னு சொல்றவங்களுக்கு, நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான், ஒத்துக்கறேன். நல்லா வளர்த்தா 8 வருஷத்துக்கு மேல இருக்கற ஜீவன் அது.

டிஸ்கி: முயல் வச்சிருக்கறவங்க இன்னிக்கே ரெண்டு வேலை பண்ணுங்க. கூண்டைக் கூட்டறதுக்கு முன்னாடி புழுக்கையைப் பாருங்க. உங்க ஊர்ல முயலைத் தொட்டுப் பாத்து வைத்தியம் பண்ற டாக்டர் யாருன்னு இப்பவே விசாரிச்சு நம்பரை போன்ல போட்டு வைங்க. சனிக்கிழமை ராத்திரி தேட முடியாது. திட்டறவங்க பின்னூட்டத்துல திட்டலாம்.