லாரி எங்கே போகிறது?

“எங்க வீட்டு செப்டிக் டேங்க் பதினைந்து வருஷமா நிறையவே இல்லை” என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிறையாத டேங்கில் அதிசயம் ஒன்றும் இல்லை. அடியில் தளம் போடாமல், பக்கச் சுவரைப் பூசாமல் கட்டியிருப்பார்கள். உள்ளே போவதெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றைப் போய்ச் சேரும். ஒழுங்காகக் கட்டிய டேங்க் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்க லாரி வருகிறது. ஹோஸை உள்ளே விட்டு அரை மணி நேரத்தில் உறிஞ்சி முடித்துவிடுகிறார்கள். காசு கைமாறியதும் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்கிறார். அப்புறம் லாரி எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை இல்லாத பேரூராட்சிகளில், வெகுகாலமாக, இருட்டிய பிறகு ஏரிக்கரை, ஓடை, வாய்க்கால், ஆளில்லாத பொட்டல் என்று எங்கே தோதுப்பட்டதோ அங்கே போனது. ஓட்டுநரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கொட்டுவதற்கென்று ஓர் இடத்தை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

அப்படி ஓர் இடம் மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழியில் வந்தது. வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வடலூர்ப் பக்கம் இருப்பது; இது செங்கல்பட்டு மாவட்டத்துப் பேரூராட்சி. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-ல் இங்கேதான் தொடங்கியது. அதற்கு ஈராண்டு முன்பே, கர்நாடகத்தில் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி இதற்கு வழிகாட்டிவிட்டது. கருங்குழி நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர், அதாவது நான்கைந்து லாரி லோடு. மதுராந்தகத்துக் கசடும் இங்கேயே வருகிறது. மதுராந்தகம் ஏரியும் கிளியாறும் பக்கத்திலேயே இருப்பதால், இங்கே இறங்கும் ஒவ்வொரு லோடும் நீர்நிலைக்குப் போகாமல் தப்பிய லோடு என்றே எண்ணலாம்.

இதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. மணலும் சரளைக்கல்லும் பரப்பிய படுகையில் கசடைப் பாய்ச்சுகிறார்கள். தண்ணீர் கீழே வடிந்து தனியே சுத்திகரிப்புக்குப் போக, மேலே தங்கியது வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. கிருமி போக மக்கவைத்தால் நல்ல எருவாகும். குழாய் பதிக்கத் தெருவையெல்லாம் தோண்ட வேண்டியதில்லை; பாதாளச் சாக்கடைக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். சின்ன ஊருக்கு இதுவே சரியான வழி.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. குளியலறை, சமையலறைத் தண்ணீர் லாரியில் ஏறுவதில்லை. சோப்பு நுரையும் எண்ணெய்ப் பிசுக்குமாகத் தெருச் சாக்கடை வழியே நேராக வாய்க்காலுக்குப் போகிறது. ஆகாயத்தாமரை மூடிய ஊர்க் குளத்துக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்த் தேட வேண்டாம். அந்தத் தண்ணீருக்குக் கடைமடையில் ஒரு வடிகட்டும் தொட்டியும் நாணல் படுகையும் அமைப்பதைப் பற்றிப் பல பேரூராட்சிகள் இன்னும் யோசிக்கக்கூட இல்லை.

கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2022-ல் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே அடுத்த முறை லாரியைக் கூப்பிடும்போது, எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.