சந்தனத் தட்டும் கேமராவும்

நம் கல்லூரிகளில் மகளிர் தின விழா எப்படி நடக்கிறது? குத்துவிளக்கு துடைக்க மாணவிகள், கோலம் போட மாணவிகள், வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்ட மாணவிகள். வீடியோ எடுக்க மட்டும் ஒரு பையன். ஏன் என்றால், "அது டெக்னிக்கல் வேலை மேடம்" என்பார்கள். பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த டெக்னிக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ட்ரைபாடை விரித்து மட்டம் பார்ப்பது. அரங்கின் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைப்பது. பேசுபவரின் கண்வரை ஜூம் செய்து, ஃபோகஸைப் பொருத்தியபின் ஜூமைக் குறைப்பது. ஹெட்போன் மாட்டி, மைக்கில் குரல் விழுகிறதா என்று கேட்பது. ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று சிவப்பு விளக்கைப் பார்ப்பது. ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடியாவது அசைக்காமல் பிடிப்பது. கையில் இன்னொரு பேட்டரி. அவ்வளவுதான். ஒரு பிற்பகல் போதும்.

இவ்வளவு எளிய வேலையை நம்மிடம் தர ஏன் இத்தனை தயக்கம்? எது நினைவில் நிற்கும் என்று முடிவாகும் இடம் அது. விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடை முழுதாகப் பதிவாகும். கடைசி வரிசையில் எழுந்து விடுதிக் கட்டுப்பாடுகள் பற்றிக் கேள்வி கேட்ட மாணவி பதிவாக மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவளின் முகம் இருண்டுபோகும். ஆட்டோவில் விட்டால் கேமரா மொத்த வெளிச்சத்துக்குக் கணக்குப் போடும். அவள் முகம் அதற்குப் பொருட்டில்லை. எக்ஸ்போஷரைக் கையால் கூட்டினால் முகம் தெரியும். ஜன்னல் வெளுத்துப்போகும், போகட்டும். யார் தெரிய வேண்டும் என்பதைக் கேமரா பிடிக்கும் கைதான் தீர்மானிக்கிறது.

பெண்களுக்கு இது வராது என்பவர்களுக்கு ஒரு தகவல். 1984இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ கற்றார்கள். காய்கறி விற்றவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கே 'சின்ன வீடு' படத்துக்கு பி. ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவு செய்தார். நாற்பது ஆண்டுகள் போய்விட்டன. நம் மாணவி இன்னும் தட்டோடு வாசலில் நிற்கிறாள்.

தோழிகளே, அடுத்த விழாவுக்குக் கேமராவைக் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் போனை ட்ரைபாடில் மாட்டுங்கள். இருவர் கற்று, அடுத்த இருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். சந்தனத் தட்டைப் பையன்கள் பிடிக்கட்டும். அதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் அவர்களுக்கும் ஒரு பிற்பகல் ஒதுக்கலாம்.