கைவிடவும் கற்றுக்கொடுங்கள்

பள்ளி ஆண்டு விழாவோ கல்லூரிக் கருத்தரங்கோ, தன்னம்பிக்கைப் பேச்சாளர் அப்துல் கலாமைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்குவதில்லை. விமானப்படைக்கு ஆள் எடுக்க டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் கலாமுக்கு ஒன்பதாவது இடம். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. தோற்றும் துவளாமல் முயன்றதால் உயர்ந்தார் என்று முடித்துக் கைத்தட்டல் வாங்குகிறார்கள். நடந்தது வேறு. விமானி ஆகும் ஆசையைக் கலாம் அத்தோடு விட்டார். 1958-இல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். ராக்கெட்டும் ஏவுகணையும் அதற்குப் பின் வந்தவை. விட்டவரின் கதையைச் சொல்லி, விடாதே என்கிறோம்.

உழைப்பை நான் குறை சொல்லவில்லை. முயன்றுகொண்டே இருந்தால் வெற்றி வந்தே தீரும் என்கிறார்களே, அந்த 'வந்தே தீரும்' பொய்.

குடிமைப்பணித் தேர்வையே பாருங்கள். 2022-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 11,35,697 பேர். பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,73,735. மெயின்ஸுக்குப் போனவர்கள் 13,090, இன்டர்வியூவுக்கு 2,529, கடைசியில் தேர்வானவர்கள் 933. அத்தனை பேரும் இரண்டு மடங்கு உழைத்திருந்தாலும் இடங்கள் கூடியிருக்காது. பொதுப் பிரிவினருக்கு 32 வயதுவரை ஆறு அட்டெம்ட், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுவரை ஒன்பது. அந்த வரம்பைத் தொட்டுவிட்டு ஊர் திரும்புகிறவரிடம், "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே" என்கிறது இந்த நம்பிக்கை. இடப் பற்றாக்குறையை அவருடைய குணக்கேடாக்கிவிடுகிறது. இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியவில்லை.

விடாமல் முயல்வதற்குப் பணமும் வேண்டும். சென்னை அண்ணா நகரில் அறை எடுத்து, வேலைக்குப் போகாமல் ஐந்தாறு வருடம் படிக்க எல்லா வீட்டாலும் முடியாது. அப்பாவின் சம்பளம் தாங்கும் பிள்ளையின் ஐந்தாவது அட்டெம்ட்டும், அம்மாவின் நகையை அடகு வைத்து வந்த பிள்ளையின் ஐந்தாவது அட்டெம்ட்டும் ஒன்றல்ல. பெண்ணாக இருந்தால், இரண்டாவது அட்டெம்ட்டிலேயே வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கையால் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். மாதிரி நேர்முகத்துக்கு மட்டும் வந்துபோனவரின் படத்தைப் போட்டு, எங்கள் மாணவர் என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளே வெளியிட வேண்டிவந்தது. தேர்வானவர்களின் படங்கள் பேனரில் இருக்கின்றன. அதே வகுப்பில் பணம் கட்டித் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பேனரும் சொல்வதில்லை.

வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்கள் 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்பே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்திருக்கிறார் அவர். தன் வலிமையையும் காலத்தையும் எடைபோட்டுச் செயலில் இறங்கச் சொல்கின்றன அவை.

பெற்றோரே, முதல் அட்டெம்ட்டுக்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து, எந்த வயதோடு நிறுத்துவது, அதன்பின் என்ன வேலை என்று பேசி முடிவுசெய்யுங்கள். கல்லூரி முதல்வர்களே, அடுத்த விழாவுக்கு மூன்றாவது அட்டெம்ட்டோடு நிறுத்தி, வேறு வேலையில் நன்றாக வாழ்கிற ஒருவரை அழையுங்கள். அவர் பேசுவதைக் கேட்கவேண்டிய மாணவர்கள் அந்த அரங்கில்தான் இருக்கிறார்கள்.