பொன்னை வெறுத்த வணிகன்

பணமே இல்லாத உலகம் ஒன்று அமையுமாயின் அங்கே மனிதர் எவ்வாறு வாழ்வர்? தத்துவ ஞானிகள் மட்டுமன்றித் தொலைக்காட்சிக் கதாசிரியரும் இவ்வினாவுக்கு விடை தேடியுள்ளனர். 1966ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரையும் அதன் வழிவந்த தொடர்களையும் மாணவர் பலர் அறிந்திருப்பர். எதிர்காலத்தில் மனிதகுலம் பணத்தைக் கைவிட்டுவிட்டது என்பது அக்கதையுலகின் கொள்கை. உணவு வேண்டின் உணவையும் உடை வேண்டின் உடையையும் கணப்பொழுதில் ஆக்கித் தரும் இயந்திரம் அங்கே உண்டு. இல்லாமை ஒழிந்தவிடத்துப் பணம் எதற்கு?

ஆயினும், பணத்தை முற்றாக ஒழிக்கக் கதாசிரியராலும் இயலவில்லை. 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பாகிய 'டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொடரிலே, பல இனத்தவரும் வந்து கூடும் விண்வெளி நிலையம் ஒன்றைக் காண்கின்றோம். அங்கே மதுச்சாலை நடத்தும் குவார்க், இலாபத்தையே வேதமாகக் கொண்ட பெரெங்கி இனத்தவன். அவன் நாடும் செல்வம் 'லற்றினம்' என்னும் வெள்ளி நிறத் திரவம். யாவற்றையும் ஆக்கும் இயந்திரத்தால் இதனை மட்டும் ஆக்க இயலாதாம். அருமையே அதன் பெறுமதிக்குக் காரணம். திரவத்தை எண்ணிக் கொடுத்தல் எளிதன்று. ஆதலின் அதனைப் பொன்னுள் அடைத்துக் கீற்றாகவும் பாளமாகவும் வழங்குவர். பொன் அங்கே வெறும் உறை.

1998இல் ஒளிபரப்பான ஒரு கதையில், குவார்க் ஆயிரம் பொற்கட்டிகளைப் பெறுகின்றான். உடைத்துப் பார்த்தால் உள்ளே லற்றினம் இல்லை! பொன் குவியலின் நடுவே நின்று தான் ஏமாந்ததாக அவன் புலம்புகின்றான். நமக்கு இது நகைப்பைத் தரும். ஆனால் நாம் பொன்னுக்குத் தரும் மதிப்பும் அதன் அருமையை ஒட்டியதன்றோ? பொன் மணலைப்போல் மலிந்திருப்பின் எந்தத் தாய் தன் மகளுக்கு அதனைச் சேர்த்து வைப்பாள்?

1997ஆம் ஆண்டுக் கதை ஒன்று இதனினும் ஆழமானது. நிலையத் தலைவரின் மகன் ஜேக். போர் நெருங்கும் வேளையில் மனஞ்சோர்ந்திருக்கும் தந்தைக்கு, ஏலத்துக்கு வந்த பழைய பேஸ்போல் ஆட்டக்காரர் படஅட்டை ஒன்றைப் பரிசளிக்க விரும்புகின்றான். பணத்தைத் துறந்த மனிதகுலத்தவன் ஆதலின் அவனிடம் ஒரு கீற்றும் இல்லை. பெரெங்கித் தோழன் நொக்கின் சேமிப்பை வேண்டுகின்றான். பணம் வேண்டாதவர்க்கு என் பணம் எதற்கு என்று நொக் கேட்பது நியாயமான கேள்வியே. ஈற்றில் மனமிரங்கித் தருகின்றான். ஆயின் ஏலத்தில் வேறொருவர் வென்றுவிடுகின்றார்.

அவரோ படஅட்டைக்கு ஈடாகச் சில பொருள்களைக் கேட்கின்றார். அவற்றைப் பெறும்பொருட்டு இருவரும் நிலையத்தார் பலருக்கு வேலை செய்கின்றனர். ஒருவரின் பணிச்சுமையை ஏற்கின்றனர். ஒருவருக்குச் சொற்பொழிவு எழுதிக் கொடுக்கின்றனர். முடிவிலே படஅட்டையும் கிடைக்கின்றது. உதவி பெற்றோர் முகங்களிலும் மலர்ச்சி தோன்றுகின்றது.

பணம் வாங்கித் தராததை உழைப்பு வாங்கித் தந்தது. பொன்னோ, லற்றினமோ, கடதாசி நோட்டோ, பிறர் உழைப்பை நாம் மதிக்கின்றோம் என்பதற்கான அடையாளமே பணம். பணத்தை இகழ்ந்து பேசும் ஜேக், தோழன் உழைத்துச் சேர்த்ததை எளிதாய்க் கேட்டான். பெற்றோர் பணத்தில் வாழும் காலத்தில் பணம் பெரிதன்று என்று சொல்லும் இளைஞர், நொக்கின் கேள்வியைத் தம்மிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று. பிள்ளைகளுக்குக் காசைக் கொடுக்கும் பெற்றோரும் அதன் பின்னாலுள்ள உழைப்பின் கதையைச் சேர்த்துக் கொடுப்பாராக.