குன்றத்தூர் விவசாயிகளும் கைப்பேசி விளம்பரமும்

சேக்கிழார் பிறந்த ஊராகிய குன்றத்தூரையும் அதனைச் சுற்றியுள்ள கிராமங்களையும் இருபது வருஷங்களுக்கு முன் கண்டவர் இப்பொழுது காண்பாராயின் வழி தெரியாமல் திகைப்பர். நஞ்சை இருந்த இடங்களில் மனைப்பிரிவுகளும், மனைப்பிரிவுகளில் அடுக்குமாடி வீடுகளும் எழும்பிவிட்டன. இதனைக் குறித்து வருந்துவோர் பலர். ஆயினும் எஞ்சியுள்ள நிலத்தில் கீரையும் காய்கறியும் பயிரிடுவோர் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. முன்னே விளைபொருளைத் தூக்கிக்கொண்டு பட்டணத்திற்குப் போக வேண்டியிருந்தது. இப்பொழுது பட்டணமே வரப்போரம் வந்து நிற்கிறது. அவ்வாறிருந்தும், விடியுமுன் இங்கு அறுத்த கீரை வண்டியேறிக் கோயம்பேட்டிற்குச் சென்று, தரகும் கூலியும் சுமந்து, சில்லறை வியாபாரியின் கை மாறி, வாடிய நிலையில் அதே குன்றத்தூர் மாடி வீட்டிற்கு மீண்டு வருகிறது. வயலுக்கும் அவ்வீட்டிற்கும் இடையே உள்ள தூரம் கூப்பிடு தூரமே. கூப்பிடுவார்தான் இல்லை.

இப்படி ஒரே சந்தையை நம்பியிருப்பதன் அபாயம் 2020ஆம் வருஷத்தில் நன்கு விளங்கியது. 1996 முதல் நடைபெற்று வந்த கோயம்பேடு மொத்த அங்காடி, கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வருஷம் மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கும், பூ வியாபாரம் வானகரத்திற்கும் மாற்றப்பட்டன. செப்டம்பர் மாதத்தில்தான் கோயம்பேடு படிப்படியாகத் திறக்கப்பட்டது. இடையில் எத்தனையோ விவசாயிகள் முற்றிய காயைப் பறிக்கவும் மனமின்றி வயலிலேயே விட்டனர். அதே நாட்களில் தமிழ்நாட்டின் பல பாகங்களில் வேறு சிலர், வாங்குவோரின் கைப்பேசி எண்கள் தம்மிடம் இருந்தமையால், காய்கறிப் பைகளைக் கட்டி வீடு வீடாகக் கொடுத்துக் கை நஷ்டமின்றித் தப்பினர். இரு திறத்தாருக்கும் மண்ணும் விதையும் உழைப்பும் ஒன்றே. வித்தியாசம் அந்த எண்களில் இருந்தது.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று இக்காலத்தில் பெரிதாகப் பேசப்படுவது, வாங்குவோரைக் கைப்பேசி, இணையம் ஆகியவற்றின் வழியாகத் தேடிப் பெறுவதேயன்றி வேறன்று. தண்டோராப் போட்டதும், பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் மருந்து விளம்பரம் அச்சிட்டதும், வி.பி.பி. தபாலில் சரக்கு அனுப்பியதும் இதற்கு மூத்த தலைமுறைகள். கருவி மாறியதே தவிர, சரக்கை அறிவித்தல், நம்பிக்கை பெறுதல், மீண்டும் வரச்செய்தல் என்னும் வேலை மாறவில்லை.

எல்லா விவசாயிகளும் இதில் இறங்க வேண்டுமென்று சிலர் கூறுவது எனக்கு உடன்பாடன்று. நெல்லைச் சர்க்காரின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அளந்து விடுபவருக்கு விளம்பரத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. கீரை, காய், பூ, பால் போன்று அன்றே விற்றாக வேண்டிய சரக்குடையவரும், மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய நெல்லின் அரிசி, ஊறுகாய் முதலிய தனிப் பெயர் பெறக்கூடிய பொருளைச் செய்து சிறு வியாபாரம் தொடங்குபவருமே இதில் நேரம் செலவிடத் தக்கவர். அவர்களிலும், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் பதில் சொல்லப் பொறுமையுள்ள ஒருவர் இருத்தல் அவசியம். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியாகவோ கல்லூரி மாணவராகவோ இருப்பர்.

முதலிற் செய்யத்தக்கது, இடம் தெரியச் செய்வது. கூகிள் நிலப்படத்தில் தொழிலின் பெயர், இடம், விற்கும் நேரம், கைப்பேசி எண், சரக்கின் படம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தால், பக்கத்தில் இருப்பவர் ‘கீரை’ என்றோ ‘செக்கு எண்ணெய்’ என்றோ தேடும்பொழுது அப்பெயர் தோன்றக்கூடும். இதற்குக் கட்டணம் கிடையாது. இதனைச் செய்து தருவதாகக் கூறி ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தரகர்கள் உண்டாதலால் இதை வற்புறுத்திச் சொல்லுகிறேன். பதிவு உண்மையானதுதானா என்று அந்நிறுவனம் சோதிக்கும். பல சமயங்களில் தெருவையும் பெயர்ப்பலகையையும் காட்டும் ஒளிப்படக் காட்சி ஒன்றை எடுத்து அனுப்பும்படி கேட்கும். ஆகையால் நிலப்படத்தில் பெயர் எழுதுமுன் வேலியில் பெயர் எழுத வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் உதவக்கூடிய இடமும் இதுவே. புதிதாக உண்டான மனைப்பிரிவுகளில் தெருப் பெயர்ப் பலகையும் கதவிலக்கமும் இல்லாமையால், வாங்க வருபவர் ஓர் ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டு மறு ஊருக்குப் போய்விடுகிறார். ஊராட்சி மன்றத்தார் பலகை நடுவதும் ஒருவகை விவசாய உதவியே.

அடுத்தது, முன்பே வாங்கியவரின் பட்டியல். இதுவே இவ்வியாபாரத்தின் மூலதனம் என்பது என் அபிப்பிராயம். 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிஸினஸ் என்னும் செயலியில் சரக்கும் விலையும் படத்துடன் காட்டும் பட்டியல் ஒன்றை அமைக்கலாம்; ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே போகும்படி அனுப்பலாம். ஆனால் அச்செய்தி, விற்பவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கே போய்ச் சேரும். ஆதலால் சரக்கைக் கொடுக்கும்பொழுதே, “எங்கள் எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை என்ன அறுக்கிறோமென்று மாலையில் தெரிவிக்கிறோம்” என்று சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். விருப்பமில்லாதவருக்கு அனுப்பலாகாது. காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துக்களும் ஓயாது அனுப்புவோரின் எண் விரைவில் தடுக்கப்பட்டுவிடும். வாங்குவோரின் எண்களைப் பிறருக்குக் கொடுப்பதும் விற்பதும் நம்பிக்கைத் துரோகம். பிறர் விவரங்களைப் பாதுகாக்க 2023ஆம் வருஷத்தில் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

அனுப்பும் செய்தி எப்படியிருத்தல் வேண்டும்? “தரமான காய்கறிகள் கிடைக்கும்” என்பதில் யாதொரு செய்தியும் இல்லை. “நாளை வெள்ளிக்கிழமை; சிறுகீரை 60 கட்டு, அரைக்கீரை 40 கட்டு; காலை 6 மணிக்கு அறுப்பு; 7 மணிக்குள் பெற்றுக்கொள்ளலாம்; விலை இவ்வளவு” என்பதே செய்தி. படமும் அன்றைய வயலின் படமாயிருக்க வேண்டும். பிறருடைய அழகிய படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுவோர், அதனினும் சிறிய கத்தரிக்காயைக் கொடுக்கும்பொழுது வாங்குவோரின் முகத்தைப் பார்க்க நேரிடும்.

நிற்க, பணம் கொடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகிள் ஆகியவற்றில் விளம்பரம் செய்வதைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ரூ. 1,000 செலவில் 200 பேர் விளம்பரத்தைத் தொட்டுப் பார்த்து, அவர்களில் 10 பேர் விசாரித்து, 4 பேர் வாங்கினார்கள் என்று கொள்வோம். ஒருவரைப் பெற்ற செலவு ரூ. 250. ஒரு கட்டுக் கீரையில் நிகர லாபம் ரூ. 5 ஆனால், அவர் 50 கட்டு வாங்கிய பின்னரே செலவு திரும்பும். வாரம் இரண்டு கட்டு வாங்கினால் 25 வாரம், அதாவது ஏறக்குறைய அரை வருஷம். அதற்குள் அவர் வீடு மாறிப் போகவும் கூடும். எண்ணெய் விற்பவருக்கு ஒரு லிட்டரில் கிடைக்கும் லாபம் அதிகமாதலால் கணக்கு வேறாகலாம். ஆகவே ஒவ்வொருவரும் தம் சரக்கிற்கு இக்கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். அவசியம் செய்வதானால், சென்னை முழுவதும் காட்டாமல், வயலைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்போருக்கு மட்டும் காட்டும்படி எல்லை குறிக்கலாம். மாங்காட்டிலும் பம்மலிலும் இருப்பவர் கீரைக்கு வருவர். திருவொற்றியூரில் இருப்பவர் வாரார்.

சொல்லும் சொல்லுக்குச் சட்டத்திலும் பொறுப்பு உண்டு. ‘இயற்கை விளைபொருள்’ என்னும் சொல்லைச் சிலர் உப்பைப் போல் எதிலும் தூவுகின்றனர். 2017ஆம் வருஷத்து விதிகளின்படி அவ்வாறு கூறி விற்பதற்குச் சான்று வேண்டும். உண்போருக்கு நேராக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கே விலக்கு உண்டு. சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று எண்ணெய்க்கும் அரிசிக்கும் எழுதுவது அதனினும் கெடுதி. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரத்திற்கு ரூ. 10 லக்ஷம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. விளைந்தபடியே விற்கும் விவசாயியை 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் எண்ணெய் ஆட்டியோ ஊறுகாய் போட்டோ விற்பவர் பதிவோ உரிமமோ பெற்று, அதன் 14 இலக்க எண்ணைப் புட்டியில் அச்சிட வேண்டும். அந்த எண்ணை விளம்பரத்திலும் காட்டினால், வர்ணச் சொற்கள் பத்தைக் காட்டிலும் அது அதிக நம்பிக்கை தரும்.

கமிஷன் மண்டியை விட்டு வந்து, இணையக் கம்பெனி என்னும் வேறொரு மண்டியில் சிக்கிக்கொள்ளலாமா என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆக்ஷேபணை நியாயமானது. செயலி இன்று இலவசம். நாளை கட்டணம் கேட்கலாம். கணக்கை முடக்கவும் கூடும். இதற்கு ஒரே பரிகாரம், வாங்குவோரின் பெயரும் எண்ணும் வாங்கும் அளவும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதப்பட்டிருப்பது. அந்நோட்டு வீட்டிலிருக்கும் வரை எந்தச் செயலி போனாலும் வியாபாரம் போகாது. 2016 முதல் வழக்கத்திற்கு வந்த யூபிஐ முறையில் பணம் பெறுவோர் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் இட வேண்டுவதே இல்லை. இடும்படி கேட்பவன் வாங்க வந்தவனல்லன்.

வாங்குவோர் விவசாயியைச் சோதிப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் திறக்கப்படும் காலங்களில் குன்றத்தூரைச் சுற்றியுள்ள சாலைகள் தடைப்படுவதுண்டு. 2015ஆம் வருஷம் டிசம்பரில் பட்ட பாட்டை ஒருவரும் மறந்திரார். அத்தகைய நாட்களில் கீரை அழுகும், வண்டி ஓடாது. அப்பொழுது மௌனமாயிருப்பவரை வாங்குவோர் மறந்துவிடுவர். “வயலில் தண்ணீர் நிற்கிறது, அறுப்பு இல்லை, புது விதைப்பு அறுவடைக்கு வரச் சுமார் ஒரு மாதமாகும், அப்பொழுது தெரிவிக்கிறோம்” என்று முன்னிரவிலேயே ஒரு வரி அனுப்பி, நீர் நிற்கும் பாத்தியின் படத்தையும் அதனுடன் சேர்த்துவிட வேண்டும்.