உயிர் காத்த வீரத்துக்கும் உச்ச விருது

போர்க்கால வீரத்துக்கு இந்தியா வழங்கும் உச்ச விருதான பரம்வீர் சக்ராவை இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். காலாட்படையினர், டாங்கிப் படையினர், பொறியாளர் படைப்பிரிவு அதிகாரி, விமானப்படை விமானி என்று பல பிரிவினர் அந்தப் பட்டியலில் உண்டு. ராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. 1947 முதல் நாடு சந்தித்த போர்களிலெல்லாம் மருத்துவ அதிகாரிகளும் நர்சிங் உதவியாளர்களும் ஸ்ட்ரெச்சர் தூக்குவோரும் குண்டுமழைக்குள் போய்க் காயமுற்றவர்களை மீட்டிருக்கிறார்கள். உச்ச விருது அவர்களை எட்டாததற்கு விதி காரணமில்லை. வீரத்தை அளக்கும் பழக்கமே காரணம். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான நியாயம் வீர விருதுகளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நவீன வீர விருதுகளுக்கு முன்மாதிரியான, பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் 1856 ஜனவரி 29 அன்று நிறுவப்பட்டது. அதன் தொடக்ககால வரிசையிலேயே மருத்துவர்கள் இருந்தார்கள். கிரிமியப் போரில், 1854 அக்டோபரில், பாலக்லாவா களத்தில் 17வது லான்சர்ஸ் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய மோரிஸ் படுகாயமுற்றுத் திறந்தவெளியில் கிடந்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் மௌவாட் எதிரியின் சுடுதிறனுக்குள் இருந்த அந்த இடத்துக்கே போய், பீறிட்ட ரத்தத்தைக் கட்டுப்படுத்திக் கட்டுப்போட்டார். அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. களத்தின் நடுவே ஒரு கட்டுப்போடுவதும் தாக்குதலுக்குத் தலைமை தாங்குவதற்கு ஈடான துணிவுதான் என்பதை அந்த விருது தன் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது.

1857 செப்டம்பரில் லக்னோவில் முற்றுகையிடப்பட்டிருந்தவர்களை மீட்கச் சென்ற படையில் ஜோசப் ஜீ, வாலன்டைன் மக்மாஸ்டர், அந்தோணி ஹோம், வில்லியம் பிராட்ஷா ஆகிய நான்கு மருத்துவர்கள் இதே விருதைப் பெற்றனர். காயமுற்றவர்களை டோலிகளில் ஏற்றித் தெருச்சண்டைக்கு நடுவே கொண்டுசெல்வதுதான் அவர்கள் முன்னிருந்த வேலை. டோலி சுமந்த இந்தியர்களோ அந்த விருதின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1837இல் நிறுவிய ஆர்டர் ஆஃப் மெரிட் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக இருந்தது. விக்டோரியா கிராஸ் பெறும் தகுதி இந்தியப் படையினருக்குக் கிடைத்தது 1911இல்தான். வீரம் களத்தில் நடந்தாலும், அதை யாரிடம் காண்பது என்று முடிவுசெய்தது பட்டியல் எழுதிய மேசைதான் என்பதற்கு இது பழைய உதாரணம்.

எதிரியே இல்லாத இடத்தில் உயிர் காத்ததற்கும் அந்த விருது தரப்பட்டதுண்டு. 1867 மே 7 அன்று சிறிய அந்தமான் தீவின் கரையில் கொந்தளித்த அலைகளுக்கிடையே சிக்கிய 17 பேரை, உதவி அறுவை மருத்துவர் கேம்பல் டக்ளஸும் 24வது ரெஜிமென்டின் நான்கு சிப்பாய்களும் படகில் மீண்டும் மீண்டும் சென்று மீட்டனர். ஐவருக்கும் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. 1858இல் செய்யப்பட்ட ஒரு விதித் திருத்தம் அதற்கு இடம் தந்தது. 1881இல் விதி மறுபடி இறுகி, எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரம் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்றானது. விருது விதிகள் கல்வெட்டுகளைப் போல மாறாதவை என்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

எதிரியின் முன்னிலை என்று எல்லை குறுகிய பிறகும் மருத்துவர்களின் கணக்கு குறையவில்லை. அந்த விருதை இருமுறை வென்றவர்கள் உலகில் மூவர் மட்டுமே. அவர்களில் இருவர் மருத்துவர்கள். முதலாமவர் ஆர்தர் மார்ட்டின் லீக். 1902 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் விளாக்ஃபான்டைனில், சுமார் 100 கஜத் தொலைவிலிருந்து சுட்டுக்கொண்டிருந்த போயர்களுக்கு எதிரே காயமுற்றவர்களைக் கவனித்தார். மூன்று குண்டுகள் பாய்ந்து சாய்ந்த பிறகும், மற்றவர்களுக்குத் தண்ணீர் தரும்வரை தான் குடிக்க மறுத்தார். பின்னர் வங்காள நாக்பூர் ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றிய அவர், முதல் உலகப் போர் மூண்டதும் களத்துக்குத் திரும்பி 1914இல் இரண்டாம் முறையும் அதே விருதை வென்றார்.

மற்றவர் நோயல் சவாஸ். 1916 ஆகஸ்டில் பிரான்சின் கீய்மாண்டில் பகல் முழுக்கக் குண்டுவீச்சுக்கிடையே சிகிச்சை அளித்தார். அன்றிரவு எதிரி வரிசைக்கு முன்னால் நான்கு மணி நேரம் காயமுற்றவர்களைத் தேடினார். மறுநாள் ஷெல் சிதறல் பட்டுத் தாமே காயமுற்றார். அன்றிரவும் இருபது தொண்டர்களுடன் புறப்பட்டு, எதிரிப் பதுங்குகுழிக்கு மிக அருகே ஷெல் பள்ளத்தில் கிடந்த மூவரை மீட்டார். ஏறத்தாழ இருபது பேரின் உயிரை அவர் காத்ததாக விருதுக் குறிப்பு சொல்கிறது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் காயமுற்ற நிலையிலும் இடத்தை விட்டு நகராமல் பணியைத் தொடர்ந்து, 1917 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். இரண்டாம் விருது இறப்புக்குப் பிறகு வந்தது.

‘காயமுற்றவனைக் கவனிப்பது மருத்துவரின் கடமை, கடமைக்கு எதற்குப் பதக்கம்?’ என்பது இந்த விவாதத்தில் எப்போதும் எழும் ஆட்சேபம். அதற்கு 1916இலேயே விடை கிடைத்துவிட்டது. காயமுற்றவர்களை மீட்பதற்காகப் போர்வீரர்கள் தாக்குதலைக் கைவிடக்கூடாது என்று கருதிய பிரிட்டிஷ் படைத் தலைமை, மீட்புப் பணிக்காக இனி விக்டோரியா கிராஸ் தரப்படாது என்று ஆணையிட்டது. ஆனால் அப்பணியையே கடமையாகக் கொண்டவர்களுக்கு அந்த ஆணை விலக்கு அளித்தது. மீட்பு யாருக்குக் கடமையோ அவர்களுக்கே அந்த வீரமும் உரியது என்பதே அதன் பொருள். பதுங்குகுழியைக் கைப்பற்றுவதும் சிப்பாயின் கடமைதான். அதற்குப் பதக்கம் தருவதை யாரும் ஆட்சேபிப்பதில்லை.

சுடுகருவியைத் தொடாதவர்களின் வீரம் படிப்படியாக அதிகாரி நிலைக்குக் கீழே உள்ளவர்களிடமும் அடையாளம் காணப்பட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் அதிகாரி நிலைக்குக் கீழிருந்தவர்களில் மிக அதிக வீர விருதுகள் பெற்றவர் ஒரு ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்: லான்ஸ் கார்ப்பரல் வில்லியம் கோல்ட்மன். 1918 அக்டோபரில் படை பின்வாங்கியபோது காயமுற்றவர்கள் விடுபட்டுப்போனதைக் கேள்விப்பட்டுத் தனியாக முன்னே சென்றார். ஒருவர் பின் ஒருவராக மூவரை முதுகில் சுமந்துவந்தார். அமெரிக்காவின் டெஸ்மண்ட் டாஸ் மதநம்பிக்கை காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த மருத்துவ உதவியாளர். 1945இல் ஓகினாவாவின் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து காயமுற்றவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார். ‘ஐம்பது பேர் இருக்கலாம்’ என்றார் அவர். உடனிருந்தவர்கள் நூறு என்றார்கள். விருதுக் குறிப்பில் 75 என்று எழுதப்பட்டது. காத்த உயிர்களைத் துல்லியமாக எண்ண முடியாதபோதும் வீரத்தை மதிப்பிட முடியும், மதிப்பிட்டு உச்ச விருதும் தர முடியும் என்பதற்கு அவர் பெற்ற அமெரிக்க உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் சாட்சி.

மருத்துவப் பணியாளர்களுக்கெனத் தனி விருது வைத்துவிட்டால் போதாதா என்ற யோசனையும் புதிதல்ல. 1883இல் விக்டோரியா மகாராணி செவிலியர்களுக்காக ராயல் ரெட் கிராஸ் விருதை நிறுவினார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அதைப் பெற்றார். அது சேவைக்கான கௌரவம். வீர விருதுகளின் வரிசையில் அதற்கு இடமில்லை. தனி விருது என்பது பெரும்பாலும் தனிப் பந்தி போட்டு உட்கார வைப்பதுதான். பொது வரிசையில் இடம் பெற்றவர்களுக்கும் அந்த இடம் நிலையானதாக இருந்ததில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய மருத்துவர் மேரி எட்வர்ட்ஸ் வாக்கர் 1865இல் மெடல் ஆஃப் ஆனர் பெற்றார். 1917இல் விதிகள் இறுகியபோது நூற்றுக்கணக்கான பெயர்களோடு அவர் பெயரும் நீக்கப்பட்டது. 1977இல் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. இன்றுவரை அந்த விருதைப் பெற்ற ஒரே பெண் அவரே. அறுபது ஆண்டுகள் கழித்தும் பழைய கோப்பைத் திறந்து ஓர் அரசு தன் முடிவைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதை அந்த நிகழ்வு காட்டுகிறது.

இந்தியாவுக்கு வந்தால், 1950 ஜனவரி 26 அன்று பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா விருதுகள் 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லத்தக்கவையாக நிறுவப்பட்டன. பரம்வீர் சக்ரா விதி கேட்பது எதிரியின் முன்னிலையில் காட்டிய மிகச் சிறந்த வீரத்தை அல்லது தன்னலமற்ற தியாகத்தை. எதிரியைக் கொல்ல வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. தகுதியுடையோர் பட்டியலில் மருத்துவமனைப் பணியாளர்களும் செவிலியர்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். விதியை எழுதியவர்கள் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

சுடாமலே உச்ச விருது பெற்ற முன்னுதாரணமும் இந்தியாவில் உண்டு. பொறியாளர் படைப்பிரிவின் செகண்ட் லெப்டினன்ட் ராமா ரகோபா ரானே 1948 ஏப்ரலில் நௌஷேரா–ரஜௌரி சாலையில் கண்ணிவெடிகளையும் தடைகளையும் அகற்றி டாங்கிகளுக்கு வழி திறந்தார். காயமுற்ற பிறகும் பணியை நிறுத்தவில்லை. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. டாங்கிக்கு வழி திறப்பது உச்ச வீரமாக முடியுமென்றால், சாகவிருந்தவருக்கு உயிர்வழி திறப்பதும் முடியும்.

ராணுவ மருத்துவப் பிரிவு விருது பெறாத பிரிவல்ல. கொரியப் போரில் 1950 நவம்பரில் இறங்கிய 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ், இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களுள் ஒருவர். அந்த ஆண்டு டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கின. மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவிட்டு வர மனமில்லாத அவரது பிரிவினர் பழைய ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தாங்களே ஓட்டிவந்தனர். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையோடு மூன்சானில் குதித்த இந்தியர்களும் இப்பிரிவினரே. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பின்னாளில் உலக சுகாதார அமைப்பின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஆப்கானிஸ்தானில் அவர் உழைத்தார்.

அமைதிக்கால உச்ச விருதான அசோக சக்ரா மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங்குக்குக் கிடைத்தது. 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டபோது, ஆயுதமின்றி இருந்த அவர் தற்கொலைப் படையாளியைக் கட்டிப்பிடித்துத் தடுத்தார். வெடித்ததில் தானும் இறந்தார். 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையினருடன் நடந்த மோதலின்போது நர்சிங் உதவியாளர் நாயக் தீபக் சிங், தானே காயமுற்றிருந்தும் 30க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்து இறந்தார். அவருக்கு வழங்கப்பட்டது வீர் சக்ரா. இரு விருதுகளும் உரியவைதான். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது: மருத்துவர் எதிரியோடு கைகலந்தபோது உச்ச விருது வந்தது; உயிர்களைக் காத்தபோது மூன்றாம் படி விருது வந்தது. இரண்டு நிகழ்வுகளை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 1879இல் ரோர்க்ஸ் டிரிஃப்ட் முற்றுகையில் விக்டோரியா கிராஸ் பெற்ற மருத்துவர் ரெனால்ட்ஸின் விருதுக் குறிப்பு, சிகிச்சையோடு அவர் தோட்டாக்களைச் சுமந்து கொடுத்ததையும் சேர்த்தே புகழ்ந்தது. போரிடுவதுபோல் தோன்றும் செயல்தான் பரிந்துரைப்பவர்களின் கண்ணில் எளிதாகப் படுகிறது.

இந்த அளவுகோல் சட்டத்துக்கும் பொருந்தாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி மருத்துவப் பணியாளர்கள் தங்களையும் தங்கள் பராமரிப்பில் உள்ளவர்களையும் காக்க மட்டுமே ஆயுதம் பயன்படுத்தலாம். தாக்குதலில் இறங்கினால் சட்டப் பாதுகாப்பை இழப்பார்கள். இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்று 1960இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. தாக்கினால்தான் உச்ச விருது என்ற எண்ணம் நிலவுமானால், சட்டத்தை மதித்துப் பணியாற்றும் மருத்துவர் ஒருபோதும் அதை எட்ட முடியாது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. மருத்துவ உதவியாளர் வேறொரு படைப்பிரிவிலிருந்து வந்து சண்டைப் பிரிவோடு இணைக்கப்பட்டவர். பரிந்துரை எழுத வேண்டிய கட்டளை அதிகாரியின் கவனம் அந்நேரம் சண்டையில் இருக்கும். மருத்துவரின் செயலை மிக அருகில் கண்டவர் காயமுற்று மயங்கிக் கிடந்தவர். அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பரிந்துரைப் பட்டியல் போய்ச் சேர்ந்திருக்கும். வீரம் குறைவானதால் விடுபடுவதில்லை. சாட்சி தாமதமாக வருவதால் விடுபடுகிறது.

ஆகவே பாதுகாப்பு அமைச்சகம் செய்ய வேண்டியவை சில உண்டு. உயிர் காத்தல் போரிடுவதற்கு நிகரான வீரம் என்பதை விருதுப் பரிந்துரை வழிகாட்டுதல்களில் வெளிப்படையாக எழுத வேண்டும். மீட்கப்பட்டவர்களின் வாக்குமூலத்தை மருத்துவமனையிலேயே பதிவுசெய்து பரிந்துரையோடு இணைக்க வேண்டும். சண்டைப் பிரிவின் அதிகாரியோடு மருத்துவப் பிரிவின் மூத்த அதிகாரியும் இணையாகப் பரிந்துரைக்க வழி வேண்டும். 1947–48, 1962, 1965, 1971, கார்கில் போர்களின் மருத்துவப் பணிக் கோப்புகளை ஒரு குழு மறுபரிசீலனை செய்து, நர்சிங் உதவியாளர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியோர், ராணுவச் செவிலியர் ஆகியோரின் செயல்களைத் தனியாக ஆராய வேண்டும். எந்த விருதின் தரத்தையும் இதற்காகத் தாழ்த்தத் தேவையில்லை. இட ஒதுக்கீடுபோல எண்ணிக்கை நிர்ணயிக்கவும் கூடாது. தகுதியான செயல் கிடைக்காவிட்டால் பட்டியல் 21 பேரோடே இருக்கலாம். உச்ச விருதின் விதி ஏற்கெனவே மருத்துவப் பணியாளர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அந்த விதியை எழுதியபடியே நடைமுறைப்படுத்துவது அரசின் பொறுப்பு.